செலவில்லாத தோல்விகள்

சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் தங்கி, அதற்கு ராம்புரா என்று புனைபெயர் வைத்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். தொகுத்து வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் சாம்பல். மனிதர் அசரவில்லை. பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதி, 1976இல் ‘தி ரிமெம்பர்ட் வில்லேஜ்’ என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். இந்தியாவில் சமூகவியல் படிக்கிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

சமூகவியல் பேராசிரியராக ஓய்வு பெற்று, அடி அண்ணாமலையில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தபோது எனக்கும் ஒரு ராம்புரா கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். திருவண்ணாமலையில் மலைக்கு மேற்கே, வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவே இருக்கும் ஊர். ஆதி அருணாசலேசுவரர் கோயில், பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் நடக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, சாமியார்கள், வெளிநாட்டுக்காரர்கள், மல்லாட்டை போட்ட கொல்லை எல்லாம் கல் நட்டு மனையாகிற வேகம். ஓர் ஆய்வாளனுக்கு வேறென்ன வேண்டும்? தடியாக ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் ‘அடி அண்ணாமலை: ஒரு சமூகவியல் ஆய்வு’ என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டேன். அடுத்த பக்கத்திலிருந்து பால் கணக்கு இருக்கிறது. என் குறிப்புகளை யாரும் எரிக்க முடியாது. எழுதினால்தானே எரிக்க.

குடும்பம், கல்வி, வேலை, குற்றம், ஏற்றத்தாழ்வு. அறிமுகப் பாடத்தில் வரிசையாக வரும் ஐந்து அலகுகள். என்னிடம் படித்த பிள்ளைகள் இவற்றில் முதல் வகுப்பில் தேறியிருக்கிறார்கள். நடத்தியவன் அடி அண்ணாமலையில் எழுதிய தேர்வின் முடிவு கீழே.

முதலில் குடும்பம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுக்க ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. முந்தின நாள் விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரை மணி அரை மணியாக, என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த 97ம் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்கு மட்டும்தான். அப்படிக் கை வைத்தவர்களே நூற்றுக்கு 26 பேர்.

நான் அந்த 26இல் ஒருவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிரூபித்துவிடலாம் என்று அதே படிவத்தை வெள்ளைத் தாளில் கோடு போட்டுத் தயாரித்தேன். இடது பக்கம் என் பெயர், வலது பக்கம் மனைவி பெயர். அவளிடம் நீட்டியதும், “இதை எழுத நேரம் இருந்தா நான் செத்த படுத்திருப்பேங்க” என்றாள். சரி, ஆய்வாளனே கூட இருந்து பார்த்து எழுதுவது என்று முடிவாயிற்று. சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரே அரை மணிக்குள் அவள் அரிசி களைந்தாள், என் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், காஸ் சிலிண்டருக்குப் போன் போட்டாள், மோட்டாரை நிறுத்தினாள், பூக்காரம்மாவிடம் பாக்கியைத் தீர்த்தாள். எதை முதன்மை வேலையாக எழுதுவது என்று எனக்குக் குழப்பம். “இப்ப என்ன பண்ற?” என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். மத்தியானம் அவளே பேனாவைப் பிடுங்கி என் பக்கத்துக் கட்டம் ஒன்றை நிரப்பினாள்: ‘10 – 10.30: வேலை செய்யவிடாமல் கேள்வி கேட்டது.’

சாயந்தரம் கூட்டிப் பார்த்தேன். குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டியதுதான் என் கணக்கில் பெரிய வேலை. அதிலும் பெரும்பகுதி பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி நின்றது. ஆர்லி ஹாக்ஷீல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பியதும் தொடங்கும் இரண்டாவது ஷிஃப்டைப் பற்றி 1989இல் ஒரு புத்தகம் எழுதினார். நான் அதை வருடா வருடம் நடத்தியவன். நான் ஓய்வு பெற்றதால் என் மனைவிக்குக் கூடுதலாக வந்தது ஒரு பதினொரு மணிக் காபி, ஒரு மத்தியானச் சாப்பாடு, அதன் பிறகு ஒரு டீ. இந்த ஷிஃப்டுக்கு அந்தப் புத்தகத்தில் பெயர் இல்லை.

அடுத்தது கல்வி. வராந்தாவில் சாயந்தரம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். வந்தவர்களில் ஒருவன் ஒன்பதாவது படிக்கிறான். ‘கணக்கு வராது’ என்று பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே முத்திரை விழுந்த பையன். பௌர்ணமி அன்றைக்கு அவன் அம்மா கிரிவலப் பாதையில் அவித்த மல்லாட்டையும் வெள்ளரிப் பிஞ்சும் விற்பார். அவன் கூடமாட நிற்பான். ஒரு பௌர்ணமியில் அவனிடமே வாங்கினேன். பொட்டலம் 15 ரூபாய் வீதம் மூன்று, பிஞ்சு 20 ரூபாய் வீதம் இரண்டு. 200 ரூபாய்த் தாளை நீட்டினேன். நான் மனசுக்குள் மூவைந்து பதினைந்து என்று தொடங்குவதற்குள் 115 ரூபாய் என் கையில் இருந்தது. அதே நேரத்தில் அவன் இன்னொருவருக்கும் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.

மறுநாள் வகுப்பில் அதே கணக்கைப் பலகையில் எழுதினேன். ‘ஒரு வணிகர் ஒரு பொட்டலம் ரூ.15 வீதம்’ என்று ஆரம்பித்து, பாடநூல் நடையில். பையன் வெகுநேரம் பலகையையே பார்த்தான். பிறகு கேட்டான்: “சார், இது கூட்டலா, பெருக்கலா?”

இது புதுக் கதையில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்கும் சிறுவர்களை வைத்து 1985இல் வெளிவந்த ஆய்வு பேர் பெற்றது. வியாபாரத்தில் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரியாகச் செய்தார்கள். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருந்த குழு கொல்கத்தா, தில்லிச் சந்தைப் பிள்ளைகளிடம் பார்த்ததும் இதே போக்குதான். 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. இதை மேற்கோள் காட்டி நான் ஒரு சொற்பொழிவே நிகழ்த்த முடியும். அந்தப் பையனுக்கு அந்தக் கணக்கைப் புரியவைக்க மட்டும் முடியவில்லை. குரலை உயர்த்தினேன். அவன் அடுத்த நாள் வரவில்லை.

சரி பண்ணலாம் என்று அடுத்த பௌர்ணமிக்குக் கடைப் பக்கம் போனேன். “செத்த பாத்துக்கறீங்களா சார், தண்ணி புடிச்சாந்துடறோம்” என்று அம்மாவும் பிள்ளையும் குடத்தோடு போனார்கள். அவ்வளவுதான். ஆளாளுக்கு ஒரு பக்கம் கை நீட்டினார்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. திரும்பி வந்து எண்ணிப் பார்த்த அம்மா, கல்லாவில் காசு குறைவதைப் பார்த்துச் சிரித்தார். “போவட்டும் சார். நீங்க படிச்சவரு, உங்களுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்.” நான் கொடுக்க வந்த பணத்தையும் வாங்க மறுத்துவிட்டார்.

ராத்திரி அது உறைத்தது. பலகையில் அவன் தடுமாறினால் கணக்கு வராது. கடையில் நான் தடுமாறினால் படிச்சவரு. தடுமாற்றம் ஒன்றுதான். அவனுக்கு அது மதிப்பெண் பட்டியலில் ஏறுகிறது, எனக்கு மரியாதையில் ஏறுகிறது. சமூகவியலாளர் பியர் பூர்தியு பல நூறு பக்கங்களில் சொன்னதை அந்த அம்மா ஒரு குடம் தண்ணீரை இறக்கி வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

வேலை என்ற அலகில் அதிகம் சொல்ல எதுவுமில்லை. பாதையோரம் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் சாமியார் ஒருவரிடம் வினாத்தாளோடு போனேன். “தொழில்?” என்று கேட்டேன். “உக்காந்திருக்கறது” என்றார். எழுதிக்கொண்டேன். “சாமிக்கு?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதே தொழில்தான். மழை வந்தால் அவருக்கு வருமானமில்லை. எனக்கு ஓய்வூதியம் மழைக்கும் நிற்காது, வெயிலுக்கும் நிற்காது. தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1க்கு முன்னால் சேர்ந்தவன் என்பதைத் தவிர அதற்காக நான் செய்த சாதனை ஏதுமில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அதே பாடத்தை என்னைவிட நன்றாக நடத்தியவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தில் மாட்டி, ஆண்டுக்கணக்கில் கொடி பிடித்தார்கள். நான் அவர்களுக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

குற்றம் என் சிறப்புப் பாடம். அதனால் விழுந்ததும் பலமாக.

2023 பிப்ரவரி 12 விடியற்காலை, திருவண்ணாமலை நகரத்தில் இரண்டு, போளூரில் ஒன்று, கலசப்பாக்கத்தில் ஒன்று என நான்கு ஏ.டி.எம்.களைக் காஸ் வெல்டிங்கால் அறுத்து 70 லட்சத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். போலீஸ் ஹரியானா வரை போய் ஆட்களைப் பிடித்தது. டீக்கடைகளில் ஒரு வாரம் வேறு பேச்சில்லை. எனக்கோ பழைய வகுப்பறை திரும்பக் கிடைத்த மாதிரி. ராபர்ட் மெர்ட்டன் 1938இல் சொன்னதை எடுத்துவிட்டேன். சமூகம் எல்லாருக்கும் பணம் என்ற ஒரே இலக்கைக் காட்டுகிறது, அங்கே போய்ச்சேரும் வழியை எல்லாருக்கும் கொடுப்பதில்லை, வழி கிடைக்காதவர்களில் சிலர் தாங்களே ஒரு வழி போடுகிறார்கள் என்று. டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே கேட்டார்: “அப்போ நாம எல்லாம் ஏன் சார் திருடல? நம்மளுக்கும்தான் வழி இல்ல.” டிராவிஸ் ஹிர்ஷி என்பவர் 1969இல் ஒரு முழுப் புத்தகம் எழுதிக் கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் வரவில்லை. “நல்ல கேள்வி” என்று சொல்லிக் கம்பீரமாக எழுந்து வந்துவிட்டேன். டீக்குக் காசு கொடுக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அது சிரிப்பு. அடுத்தது அப்படியில்லை. ஒரு பௌர்ணமி ராத்திரி வலம் முடித்து, கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். செருப்பைக் காணோம். பக்கத்தில் பாசிமணி விற்கும் பையன் ஒருவன் துணி விரித்து உட்கார்ந்திருந்தான். “இங்க கிடந்த செருப்பைப் பார்த்தியா?” என்றேன். கேட்ட தொனி, பார்த்தியா என்பது அல்ல, எடுத்தியா என்பது. அவன் இல்லையென்று தலையாட்டினான். “நீதானே இங்கேயே உட்கார்ந்திருக்க?” என்று மறுபடி கேட்டேன். அதற்குள் இரண்டு பேர் கூடிவிட்டார்கள். தேங்காய்க் கடைக்காரர், “பையைக் கொட்டுடா” என்றார். அவன் கொட்டினான். மணிக் கோவைகள், கம்பிச் சுருள், ஒரு சின்னக் குறடு, காகிதத்தில் சுற்றிய அரை பன். ஒவ்வொன்றாகத் திரும்பவும் பைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பரவாயில்லை, போகட்டும்” என்று பெருந்தன்மையாகச் சொல்லி நடந்தேன். வீட்டு வாசலில் என் செருப்பு கிடந்தது. கிரிவலம் வெறுங்காலோடு போவது. நானும் சாயந்தரம் வெறுங்காலோடுதான் கிளம்பியிருக்கிறேன்.

வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர் என்று எத்தனையோ சமூகங்களை, பிறந்ததற்காகவே போலீஸ் ஸ்டேஷனில் ரேகை வைக்கச் செய்தது. சுதந்திரம் வந்த பிறகு, 1952இல் நாடு முழுக்கவே ஒழிந்தது. இதன் ஒவ்வொரு பிரிவும் எனக்குத் தெரியும். செயலுக்குக் குற்றம் என்ற பெயரைக் கொடுப்பது அந்தச் செயல் அல்ல, பெயர் வைக்கும் அதிகாரம் உள்ளவர்களே என்று ஹோவர்டு பெக்கர் 1963இல் எழுதியதும் தெரியும். ஒழிந்துபோன சட்டத்தை அந்த ராத்திரி அரை மணி நேரம் மறுபடி அமலுக்குக் கொண்டுவந்தது நான். மறுநாள் போய்ப் பார்த்தேன். பௌர்ணமி முடிந்தால் பாசிமணி விற்பவர்கள் அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள். மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லை.

இதே ஊரில் மனை வாங்கியபோது, பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதிப் பணத்தை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தவன் நான். எட்வின் சதர்லேண்டு வெள்ளைக்காலர் குற்றம் என்று 1939இல் பெயர் வைத்தது இந்த மாதிரி ஆட்களை நினைத்துத்தான். என் பையைக் கொட்டச் சொல்லி எந்தத் தேங்காய்க் கடைக்காரரும் கேட்கவில்லை. உட்காரச் சொல்லி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்கள்.

கடைசி அலகு ஏற்றத்தாழ்வு. 2023 ஜனவரி 30 அன்று இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் முதல்முறையாக நுழைந்தார்கள். கலெக்டரும் எஸ்.பி.யும் கூட நின்று, போலீஸ் காவலோடு. அன்றைக்கு நான் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிய நீண்ட பதிவைப் பலர் பாராட்டினார்கள். எழுபத்தைந்து ஆண்டுச் சுதந்திரம், அம்பேத்கர், பெரியார் எல்லாம் அதில் இருந்தன.

அந்தப் பதிவை எழுதிய வீட்டின் கேட்டில் அப்போது ஒரு போர்டு தொங்கிக்கொண்டிருந்தது: ‘மாடி போர்ஷன் வாடகைக்கு. சைவம் மட்டும்.’ புரோக்கர் எழுதி மாட்டியது. “இதைப் போட்டாத்தான் சார் நல்ல மாதிரி ஆளுங்க வருவாங்க” என்றார். யார் அந்த நல்ல மாதிரி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் மீன் குழம்பு. வாசனை கேட்டைத் தாண்டி அந்தப் போர்டு வரை வரும்.

நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி வீடு பார்க்க வந்தாள். படித்த பெண், பேச்சில் அடக்கம், அட்வான்ஸ் கையோடு கொண்டுவந்திருந்தாள். மாடி பிடித்திருந்தது. “சொந்த ஊர் எதும்மா?” என்றேன். சொன்னாள். “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று அடுத்த கேள்வி என் வாயிலிருந்து வந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் சாதியைப் பாடமாக நடத்தியவனுக்கு அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுவது என்று தெரியாதா? அவளுக்கும் தெரிந்திருந்தது. கேட்டைத் திரும்பிப் பார்த்து, “நான் முட்டை சாப்பிடுவேன் சார்” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, “என்னங்க கேட்டீங்க அந்தப் பொண்ண?” என்றாள். ஊர் விசாரித்தேன் என்றேன்.

தலித், முஸ்லிம் பெயர்களைச் சொல்லி வீடு கேட்டால் என்ன நடக்கிறது என்று தில்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் சுகதேவ் தோரட் குழுவினர் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதை நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தவன் நான். கடைசியில் எங்கள் மாடிக்கு வந்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர். வாடகை இரண்டு மடங்கு. அவர் என்ன சாப்பிடுவார் என்று இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை. ஊரில் எந்தப் பக்கம் என்றும் கேட்கவில்லை.

இப்படியாக ஐந்திலும் பெயில். என் வகுப்பில் ஒரு மாணவன் இந்த மாதிரி விடை எழுதியிருந்தால், ‘படித்தவற்றைப் பொருத்திப் பார்க்கத் தவறிவிட்டார்’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பேன். ஆனால் விடையைத் திரும்பப் படித்தால் வேறொன்று தெரிகிறது. இந்தத் தோல்விகளில் எனக்கு ஒன்றும் போகவில்லை. கல்லாவில் குறைந்த காசு அந்த அம்மாவுடையது. வகுப்பை விட்டு நின்றது பையன். கொட்டப்பட்டது வேறொருவன் பை. ஆஸ்பத்திரியிலிருந்து தூரத்தில் வீடு பிடித்து பஸ்ஸில் வந்துபோக வேண்டியது அந்த நர்ஸ். பில் எல்லாம் வேறு வேறு ஆட்கள் பெயரில். நான் தோற்றது மட்டும்தான் இலவசமாக.

சிரிக்கச் சிரிக்கத் தன்னைக் கிண்டலடிக்க முடிவதே ஒரு வசதி. ஒன்பதாவதில் கணக்கில் தோற்றவன் அதைப் பத்தியாக எழுதினால் நகைச்சுவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மனு என்பார்கள். பாசிமணிப் பையன் செருப்பை மறந்திருந்தால் அதற்கு ஞாபக மறதி என்ற கௌரவமான பெயர் கிடைத்திருக்காது. ஐந்து அலகையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்கலாம் என்று இப்போது தோன்றுகிறது: யார் தோற்றால் யார் பணம் கட்டுகிறார்கள்? நோட்டில் எழுத ஒரு வரி கிடைத்துவிட்டது. பால் கணக்குக்கு நடுவே இடம் தேட வேண்டும்.

அதற்குள் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சானால் சன்மானம் வரும். நியாயமாகப் பார்த்தால் அதை என் மனைவி, மல்லாட்டைக்கார அம்மா, பையன், டீ மாஸ்டர், பாசிமணிச் சிறுவன், நர்ஸ் ஆகியோருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு: காசோலையை என் பெயருக்கே போட்டு அனுப்பவும்.